முகப்பில் தொங்கும் படங்கள்: செட்டிநாட்டு ஊர்களைப் பழைய புகைப்படங்களில் படிப்பது

காரைக்குடிப் பக்கத்தில் உள்ள உங்கள் பூர்வீக வீட்டைப் பங்காளிகள் சேர்ந்து சுத்தம் செய்தபோது ஒரு பெட்டி நிறையப் பழைய படங்கள் கிடைத்ததாகச் சொல்கிறீர்கள். அவற்றில் இருப்பவர்கள் யார் என்று சொல்ல இப்போது ஆளில்லை. இவற்றை வைத்து ஊர் வரலாறு எழுத முடியுமா என்பது உங்கள் கேள்வி.

முடியும். ஆனால் எல்லோரும் செய்வதுபோல முகத்தைப் பார்த்து “இது யார்?” என்று தொடங்கினால் இரண்டு நாளில் சலித்துப் பெட்டியை மூடிவிடுவீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கடைசியாகத்தான் வரும். முதலில் படம் ஒட்டியிருக்கும் அட்டை, அதன் பின்பக்கம், ஆட்களுக்குப் பின்னால் தெரியும் தூண், தலைக்கு மேல் தெரியும் ஓடு, யார் நாற்காலியில், யார் தரையில் என்கிற வரிசை, இவற்றைப் பாருங்கள். பெயர் தெரியாமலேயே ஒரு படம் நிறையச் சொல்லிவிடும்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் பெட்டியில் உள்ள 1940-க்கு முந்தைய படங்களில் பல, உங்கள் ஊரில் எடுத்தவையாகவே இருக்காது. அட்டையின் கீழ்விளிம்பிலோ பின்புறத்திலோ ஸ்டுடியோ முத்திரை இருக்கும். ரங்கூன், மோல்மேன், கொழும்பு, பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர், சைகோன் என்று ஏதாவது ஓர் ஊர் இருக்கலாம். இதில் ஆச்சரியம் இல்லை. 1852 போருக்குப் பிறகு கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு வெளிச்சந்தை பெருகியது. காட்டை வெட்டி வயலாக்கக் கடன் தேவைப்பட்டது. கடன் கொடுக்க நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) போனார்கள். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள், அதாவது வட்டிக்கடைகள், இருந்ததாக அங்கு நடந்த வங்கி விசாரணைக் குழு கணக்குச் சொன்னது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார். மனைவி மக்கள் இங்கே, அவர் அங்கே. அந்த இடைவெளியில் கப்பலேறி வந்தவைதான் இந்தப் படங்கள். ஆகவே செட்டிநாட்டு ஊர் ஒன்றின் படத்தொகுப்பு என்பது வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கத்தில் தொடங்குகிறது.

முத்திரையில் ஸ்டுடியோவின் பெயர் இருந்தால் காலம் ஓரளவு பிடிபடும். பிலிப் கிளியர் என்ற ஜெர்மானியர் மோல்மேனில் தொழில் தொடங்கி, 1880 வாக்கில் ரங்கூனுக்கு மாறி, 1911-ல் இறந்தார். ரங்கூனில் அஹூஜா பர்மியக் காட்சிகளை வண்ண அஞ்சல் அட்டைகளாகப் போட்டுப் பெயர் பெற்றவர். அவருடைய அட்டைகள் ஜெர்மனியில் அச்சானவை. கொழும்பின் பிளாட்டே நிறுவனம் 1890-ல் தொடங்கியது. சிங்கப்பூரில் லாம்பர்ட், சென்னையில் வீலி அண்ட் கிளைன். இவை பெரிய பெயர்கள். உங்கள் பெட்டியில் யாரும் கேள்விப்படாத சின்ன ஸ்டுடியோக்களின் முத்திரையும் இருக்கும், அவற்றையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே முத்திரை ஐந்தாறு படங்களில் வந்தால், அதில் ஒரு படத்தின் வருடம் தெரிந்தாலே மற்றவை அதன் அருகே வந்து உட்கார்ந்துவிடும்.

கிட்டங்கியில், அதாவது நகரத்தார் வெளிநாட்டில் சேர்ந்து தங்கித் தொழில் நடத்திய கட்டடத்தில், எடுத்த குழுப்படம் ஒன்றாவது இருக்கும் என்று நினைக்கிறேன். வரிசையாகச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றின் பின்னாலும் தரையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். இல்லாவிட்டால் வாசலில் எடுத்த படம்: முன்னால் நாற்காலிகள், பின்னால் ஒரு வரிசை நின்றபடி, கீழே தரையில் சில பையன்கள். இந்த வரிசை தற்செயல் அல்ல. முதலாளியோ அவர் சார்பில் கடையை நடத்தும் மேலாளோ நடு நாற்காலியில் இருப்பார். பக்கத்தில் அடுத்தாள். தரையில் இருப்பது பெட்டியடிப் பையன்கள். தொழில் கற்றுக்கொள்ள வந்த பன்னிரண்டு பதினாலு வயதுப் பிள்ளைகள். ஓரத்தில், பாதி உடம்பு சட்டகத்துக்கு வெளியே போயிருக்கிறவர் அநேகமாகச் சமையலாள். அடுத்து எடுத்த படங்களோடு வைத்துப் பார்த்தால், தரையில் இருந்த பையன் நின்றிருப்பான், அப்புறம் நாற்காலிக்கு வந்திருப்பான். ஒரு குடும்பத்தின் ஏற்றத்தை இதைவிடத் தெளிவாக எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டாது.

சரி, பின்பக்கத்துக்கு வருவோம். அங்கே முழுப்பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் விலாசம்தான் இருக்கும்: மூனா ரூனா, ஆனா லேனா, சாவன்னா என்கிற மாதிரி, குடும்பத்துக்கும் கடைக்கும் பொதுவான தலையெழுத்துகள். ஊருக்குள் பெயர் மறந்தாலும் விலாசம் மறக்காது. “இன்னார் வீடு எது?” என்று கேட்டால் தெரியாது என்பவர்கள்கூட விலாசத்தைச் சொன்னால் தெருவும் வீடும் காட்டிவிடுவார்கள். ஒரே ஓர் எச்சரிக்கை. நகரத்தாரிடையே சுவீகாரம் சாதாரணம். பிறந்த வீட்டில் ஒரு விலாசமும், போன வீட்டில் இன்னொரு விலாசமுமாக ஒரே ஆள் இரண்டு வீடுகளின் படங்களில் இருப்பார். முகம் ஒன்றாக இருக்கிறதே, பெயர் வேறாக இருக்கிறதே என்று குழம்பினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

தேதி எழுதியிருந்தால் தமிழ் வருடப் பெயரில் இருக்க வாய்ப்பு அதிகம். “பிரபவ” என்று எழுதியிருந்தால் அது 1927–28 ஆக இருக்கலாம், அறுபது வருடம் பின்னால் போய் 1867–68 ஆகவும் இருக்கலாம். இங்கேதான் தாளின் வகை கைகொடுக்கிறது. மெல்லிய தாள், கெட்டி அட்டையில் ஒட்டியது, மஞ்சளும் பழுப்புமாக நிறம் மாறியது, உற்றுப் பார்த்தால் தாளின் நார் தெரிவது என்றால் அது முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமின் தாள்; 1890-கள் வரை புழங்கியது. கருப்பு வெள்ளையாக, நிழல் பகுதிகளில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் ஜெலட்டின் தாள். அது அதற்குப் பிந்தைய காலம். இரண்டரைக்கு நாலு அங்குல அளவில் சின்ன அட்டை என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் விசிட்டிங் கார்டு வகை. நாலே காலுக்கு ஆறரை என்றால் கேபினட் கார்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஓடியது. அஞ்சல் அட்டையாக அச்சிட்ட படத்தின் பின்பக்கத்தில் செய்திக்கு ஒரு பாதி, முகவரிக்கு ஒரு பாதி என்று கோடு போட்டுப் பிரித்திருந்தால் 1902-க்கு முன் இருக்காது. பிரிட்டனில் அந்த வருடம்தான் அப்படிப் பிரிக்க அனுமதித்தார்கள், மற்ற நாடுகள் அடுத்தடுத்துப் பின்பற்றின.

கல்யாணப் படங்களுக்கு நம்மிடம் வேறு சமூகங்களில் கிடைக்காத ஓர் ஆதாரம் இருக்கிறது. இசைகுடிமானம். கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் எழுதி மாற்றிக்கொள்ளும் ஓலை அல்லது தாள். அதில் தேதி, இரு வீட்டாரின் ஊர், கோயில் பிரிவு, பெயர் எல்லாம் இருக்கும். நகரத்தார் குடும்பங்கள் பிரிவு பிரிவாகச் சேர்ந்திருக்கும் ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில் என்று தெரிந்தாலே பாதித் தேடல் குறையும், ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளிகள், பெண் கொடுத்து எடுத்திருக்க முடியாது. பெட்டகத்தைத் துழாவுங்கள். படங்கள் இருந்த அதே அறையில் இசைகுடிமானமும் மொய் ஏடும் சீர் சாமான் பட்டியலும் இருக்கும். படத்தில் தெரியும் வெள்ளிக் குடமும் பட்டியலில் உள்ள வெள்ளிக் குடமும் ஒன்றாக இருந்தால் அந்தப் படம் எந்தக் கல்யாணம் என்று சொல்லிவிடலாம்.

இனி கட்டடங்கள். எனக்குப் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இந்த வட்டாரத்தை மிகப் பழைய படங்களில் பார்க்க வேண்டுமென்றால் 1858-க்குப் போகலாம். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் அந்த வருடம் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கத்தோடு புதுக்கோட்டையையும் திருமயத்தையும் எடுத்தார். மெழுகு பூசிய தாள் நெகட்டிவ் அவருடையது. ஒளி நீண்ட நேரம் விழ வேண்டும் என்பதால் நடமாடுகிற எதுவும் பதியாது. அவருடைய கோட்டையும் தெருவும் ஆளே இல்லாத ஊர்போலத் தெரியும். ஊர் அப்போது வெறிச்சோடிக் கிடந்தது என்று யாராவது அந்தப் படங்களைக் காட்டி எழுதினால் நம்பாதீர்கள். நடந்துபோன மனிதர்களைக் கருவி பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுப் படங்களில் கட்டடம் பெரும்பாலும் முகப்பாகத்தான் இருக்கும். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கும்பாபிஷேகத்துக்கு வந்த விருந்தினர், எதுவானாலும் முகப்புப் படிக்கட்டில் நிறுத்தி எடுப்பது வழக்கம். அங்கே நான்கு இடங்களைப் பாருங்கள். மேலே, தூணில், சுவரில், தரையில்.

மேலே ஓடு. நாட்டு ஓடு சின்னது, அடுக்கடுக்காக நெருக்கமாகப் பதித்திருக்கும். பட்டையாக வரிசை பிடித்து இருந்தால் மங்களூர் ஓடு. மங்களூரில் பேசல் மிஷன் 1865-ல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து அந்த வகை பரவியது. ஆகவே மங்களூர் ஓடு தெரியும் படம் அதற்கு முன்பு எடுத்ததாக இருக்க முடியாது. பழைய வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) நாட்டு ஓட்டிலும் பின்னால் சேர்த்த கட்டு மங்களூர் ஓட்டிலுமாக ஒரே வீட்டில் இரண்டும் இருப்பதும் உண்டு.

தூண் மரமா, கல்லா, இரும்பா? பர்மாத் தேக்கு உருண்டைத் தூண் என்றால் அந்த வீட்டுக்குக் கடல் கடந்த பணம் வந்துவிட்டது. பிரிட்டனிலிருந்து வந்த வார்ப்பிரும்புத் தூணும் உத்திரமும் இன்னும் கொஞ்சம் பிந்தியவை. சுவரில் பளபளப்பு தெரிந்தால் சுண்ணாம்பை முட்டை வெள்ளையும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசிய பூச்சு. கருப்பு வெள்ளைப் படத்தில்கூட அந்தப் பூச்சில் எதிரே நிற்பவரின் உருவம் மங்கலாகத் தெரியும். இடுப்பு உயரத்துக்குப் பூப்போட்ட பீங்கான் கல் பதித்திருந்தால் ஜப்பான் அல்லது இங்கிலாந்துச் சரக்கு. ஜப்பான் கற்கள் 1910-களுக்குப் பிறகு வந்தவை. வீட்டில் எங்காவது ஒரு கல் பெயர்ந்து கிடந்தால் திருப்பிப் பாருங்கள், நிறுவன முத்திரை இருக்கும். தரையில் பூக்கோலம் மாதிரி வண்ணக் கட்டம் தெரிந்தால் ஆத்தங்குடிக் கல்லாக இருக்கலாம். கண்ணாடிப் பலகையில் சிமெண்டும் உள்ளூர் மணலும் வார்த்துச் செய்வது.

அப்புறம் முகப்பின் நெற்றியில் பாருங்கள். நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த சிப்பாய், தொப்பி வைத்த துரை, விக்டோரியா மகாராணி மாதிரி ஒரு துரைசானி என்று சுதைச் சிற்பங்கள். 1930-களுக்கு வந்தால் இந்தக் கூட்டம் குறைந்து, சிமெண்டில் வளைந்த கோடுகளும் படிப்படியான கட்டங்களும் வருகின்றன. காரைக்குடியில் எல்லோரும் போய்ப் பார்க்கும் ஆயிரம் ஜன்னல் வீடு 1941-ல் கட்டியது. நெற்றியில் வருடம் பொறித்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் வீட்டின் வயது கிடைத்துவிட்டது என்று குதிக்க வேண்டாம். பல வீடுகளில் வளவும் பட்டாலையும் (உள்கூடமும்) தாத்தா காலத்தவை. பேரன் பர்மாவில் சம்பாதித்து வந்து முன்னால் ஒரு பெரிய ஹாலும் மாடி முகப்பும் சேர்த்து, தன் வருடத்தைப் பொறித்துவிடுவார். வருடம் பேரனுடையது. வீடு இரண்டு தலைமுறை மூத்தது. முகப்புக்கு முன்பு எடுத்த படம் ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால் அதுதான் அந்தப் பெட்டியிலேயே விலை மதிப்பில்லாத படம்.

தெருவைப் படித்தறியும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு ஒரு தெருவில், கடைசிக் கட்டின் வாசல் பின் தெருவில். மூட்டை இறக்குவது, விறகு வருவது, மாட்டு வண்டி நிற்பது எல்லாம் பின்பக்கம். முகப்பில் கம்பீரமாகத் தெரியும் அதே வீடு பின்பக்கப் படத்தில் சாதாரண ஓட்டு வீடாகத் தெரியும். இது வேறு வீடு, வேறு தெரு என்று ஒதுக்கிவைத்துவிடாதீர்கள்.

ஊருக்குப் பொதுவானவை சில. ஊருணிக் கரையில் எடுத்த படத்தில் படித்துறை, சுற்றுச்சுவர், கோயில் கோபுரத்தின் நிலை பாருங்கள். நகரச் சிவன்கோயில் திருப்பணி நடந்த வருடம் கல்வெட்டில் இருக்கும், கோபுரத்தைச் சுற்றிச் சாரம் தெரிந்தால் வருடம் கையில் இருக்கிற மாதிரிதான். ரயில் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-லும் அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930-லும் வந்தது, செட்டிநாடு என்ற பெயரில் கானாடுகாத்தானுக்கு ஒரு நிலையமும் கிடைத்தது. நிலையத்தில் மாலை மரியாதையோடு எடுத்த வரவேற்புப் படங்கள் எல்லாம் அதற்குப் பிறகு. காரைக்குடி நகராட்சியானது 1928-ல். உங்கள் ஊர் பொன்னமராவதி, இராயவரம், அரிமளம் பக்கம் என்றால் 1948 மார்ச் வரை அது புதுக்கோட்டை சமஸ்தானம். ஆவணம் தேட வேண்டிய இடமே வேறு. காரைக்குடி, தேவகோட்டை என்றால் 1910-ல் உண்டான இராமநாதபுரம் மாவட்டம். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-ல்தான்.

வீட்டுக்குள் எடுத்த படங்கள் அபூர்வம். வெளிச்சம் போதாது. வளவின் நடு முற்றத்தில் வானம் திறந்திருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் எடுப்பார்கள். ஹாலில் எடுத்த படம் இருந்தால் சுவரைப் பாருங்கள்: பெல்ஜியம் கண்ணாடி, தொங்கும் சரவிளக்கு, மான் கொம்பு, ரவிவர்மா அச்சகத்து லட்சுமியும் சரஸ்வதியும். ரவிவர்மாவின் அச்சகம் 1894-ல் பம்பாயில் தொடங்கியது. இந்த அலங்காரம் குறித்து ஒரு சுவையான சாட்சி இருக்கிறது. 1927 செப்டம்பரில் காந்தி செட்டிநாட்டைச் சுற்றி வந்தார். கானாடுகாத்தானில் பேசும்போது, வீடுகள் அயல்நாட்டுச் சாமான்களால் மூச்சுமுட்டிக் கிடப்பதாக வருத்தப்பட்டார். இந்த மாளிகைகளை அலங்கரிக்கும் ஒப்பந்தத்தைத் தன்னிடம் கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு செலவில் இதைவிட நன்றாகச் செய்து தருவேன் என்று சொன்னார். அந்தக் காலத்து ஹால் படம் கையில் இருந்தால் இந்தப் பேச்சைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் எடுத்தவர் பெருமையாகக் காட்டிய அதே பொருள்களைத்தான் காந்தி பார்த்திருக்கிறார்.

ஆட்களின் உடையும் நகையும் தனிப் பாடம். மூத்த தலைமுறை ஆண்கள் மேலே சட்டையில்லாமல், நெற்றியில் பட்டை விபூதி, கழுத்தில் கௌரிசங்கம் என்னும் ருத்திராட்ச மாலை. அடுத்த தலைமுறைக்குக் கோட்டும் தலைப்பாகையும் வந்துவிடும். அதற்கடுத்தவர் கிராப்பு வெட்டிக் கைக்கடிகாரம் தெரிய உட்கார்ந்திருப்பார். பெண்கள் படத்தில் ரவிக்கை இல்லாத ஆச்சிமார் இருந்தால் பழைய தலைமுறை, பக்கத்தில் நிற்கும் மகளோ மருமகளோ ரவிக்கை போட்டிருப்பார். கழுத்திரு என்னும் தாலி நகை கழுத்தில் இருந்தால் அது கல்யாணம் அல்லது அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் போன்ற சாந்தி. அந்தக் கனமான நகையை அன்றாடம் போடுவதில்லை. வயதைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஸ்டுடியோக்காரர் செய்த வேலைகளையும் மறக்கக் கூடாது. கணவனும் மனைவியும் அருகருகே உட்கார்ந்திருக்கும் படம் என்று நினைப்பீர்கள். உற்றுப் பார்த்தால் இருவர் மீதும் ஒளி வேறு வேறு பக்கத்திலிருந்து விழும். கணவன் படம் பர்மாவில் எடுத்தது, மனைவி படம் ஊரில் எடுத்தது, இரண்டையும் ஒட்டி மறுபடி எடுத்து மேலே வண்ணம் தீட்டியது. ஒருவர் இறந்த பிறகு, பழைய குழுப்படத்திலிருந்து அவர் தலையை மட்டும் எடுத்து, கோட்டும் நாற்காலியும் வரைந்து சேர்த்து, மாலை போட்டு மாட்டியதும் உண்டு. அவர் உயிரோடிருந்தபோது கோட்டையே தொட்டிருக்க மாட்டார். பின்னால் தெரியும் பளிங்கு மாடிப்படியும் ஏரியும் திரைச்சீலை. அந்தத் திரையில் உள்ள ஓவியத்தைக் குறித்து வையுங்கள். அதே திரை வேறு வீட்டுப் படங்களில் வந்தால் ஒரே ஸ்டுடியோ.

இங்கே பாரதியின் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாரதியின் அசல் புகைப்படங்கள் ஐந்துதான் என்று சொல்வார்கள். அதில் இரண்டு காரைக்குடியில் எடுத்தவை, 1919 நவம்பரில் அவர் இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தபோது. சங்கம் 1917-ல் தொடங்கியது. சொ. முருகப்பா, ராய. சொக்கலிங்கம் போன்ற இளைஞர்கள் நடத்தியது. கையில் தடியோடு பாரதி தனியாக இருக்கும் படம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். இன்னொன்று சங்கத்தாரோடு எடுத்த குழுப்படம். பள்ளிச் சுவரிலும் காலண்டரிலும் வருவது பாரதியின் தலை மட்டும். வெட்டியெடுத்த அந்தத் தலையில் காரைக்குடி இல்லை. குழுப்படத்தை முழுதாகப் பார்த்தால்தான், சிறையிலிருந்து வெளிவந்து ஒரு வருடம்கூட முழுசாக ஆகாத, வருமானம் இல்லாத கவிஞரை ஒரு சின்ன ஊரின் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் அழைத்து நடுவில் உட்கார வைத்தார்கள் என்பது தெரியும். அந்தப் பயணத்தில் கானாடுகாத்தானில் வை.சு. சண்முகம் செட்டியார் வீட்டிலும் அவர் தங்கினார். உங்கள் படங்களை யாருக்காவது அனுப்பும்போது, பிரபலமான முகத்தை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். ஊர் இருப்பது மீதிப் பாதியில்.

மீதிப் பாதியில் இருக்கிற இன்னும் சிலர்: வீட்டைக் கட்டிய கொத்தனார், கதவைச் செதுக்கிய ஆசாரி, வயலில் வேலை செய்தவர், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தூண் மறைவில் நிற்கும் பெண். இவர்களுக்கு என்று யாரும் ஸ்டுடியோவில் பணம் கொடுத்துப் படம் எடுக்கவில்லை. ஓரத்தில் தற்செயலாக விழுந்ததுதான். நூறு வருடக் கதவு நிலையைக் காட்டி அந்த வீட்டாரின் பெருமையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதைச் செதுக்கிய கையின் பெயரைத் தேடியவர் குறைவு. ஸ்கேன் செய்து பெரிதாக்கி இந்த ஓரங்களைப் பாருங்கள். உங்கள் ஊரில் ஆசாரிமார் தெருவுக்கும் போய்க் காட்டுங்கள். “எங்க ஐயா வேலை இது” என்று சொல்ல ஒருவர் இருக்கலாம். அதை எழுதாத ஊர் வரலாறு எனக்குப் பாதிதான்.

படங்களைக் காலவரிசையில் அடுக்கினால் ஓர் இடத்தில் திடீரென்று ரங்கூன் முத்திரை நின்றுபோகும். காரணம் தெரிந்ததுதான். 1929-க்குப் பிறகு நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, பணத்துக்குப் பதில் நிலம் கைக்கு வந்தது. 1930-ல் கீழ் பர்மா நெல் நிலத்தில் 6 சதவீதமாக இருந்த செட்டியார் பங்கு 1937-ல் 25 சதவீதமானது. நிலம் வந்ததும் அங்குள்ளவர்களின் கோபமும் கூடவே வந்தது. 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் ரங்கூன் மீது குண்டு வீசியது. 1942-ல் பல்லாயிரக்கணக்கானவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்தார்கள். அங்கே கடையில் மாட்டியிருந்த படங்கள் அங்கேயே போயின. உங்கள் பெட்டியில் இருப்பவை முன்னமே ஊருக்கு அனுப்பிய பிரதிகள். 1948-ல் பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது, 1963-ல் வங்கிகளையும்.

அதற்குப் பிந்தைய படங்களில் ஊரே வேறு. மாளிகை முகப்புக்குப் பதில் கல்லூரி வாசல். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-ல் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியபோது எடுத்த படங்கள் காரைக்குடியில் பல வீடுகளில் உண்டு. அவற்றில் நேருவைத் தேடாமல் கூட்டத்தைத் தேடுங்கள். பின்னால் வெட்டவெளி எவ்வளவு தெரிகிறது என்றும் பாருங்கள், இன்று அது முழுக்கக் கட்டடம்.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்கவே கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், அட்டை விளிம்போடு முழுதாக. லேமினேஷன் வேண்டாம், செலோ டேப் வேண்டாம். பின்னால் எழுத மென்மையான பென்சில் மட்டும். நெகட்டிவ் ஃபிலிமில் காடி வாசனை வந்தால் அதைத் தனியாகப் பிரித்து வையுங்கள், மற்றதையும் கெடுக்கும். எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துக் குறியுங்கள்: “இன்னார்” என்பது வேறு, “இன்னாராக இருக்கலாம், சொன்னவர் இன்ன ஆச்சி” என்பது வேறு.

பிரதிகளை எடுத்துக்கொண்டு எண்பது வயதைத் தாண்டிய ஆச்சிமாரிடம் போங்கள், ஆண்களிடம் போவதற்கு முன்னால். ஆண்கள் கடையைச் சொல்வார்கள், ஆச்சிமார் யாருக்கு யார் என்ன முறை, எந்த ஊரில் பெண் எடுத்தது, யார் சுவீகாரம் என்பதையெல்லாம் சொல்வார்கள். நகையைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். படத்தைக் காட்டிவிட்டு உடனே பெயர் கேட்காதீர்கள். “இது எந்த வீட்டு முகப்பு?” என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். அப்புறம் நகரக் கோயிலில் புள்ளிக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். கல்யாணமான ஒவ்வொரு இணையும் ஒரு புள்ளி என்பதால், எந்த வருடம் ஊரில் யார் யார் குடும்பமாக இருந்தார்கள் என்பது அதில் தெரியும்.

ஒத்துப் பார்க்க வெளி இடங்களும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்கள், இதழ்கள், அழைப்பிதழ்கள், நோட்டீசுகளை, 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையில் நூலகமாக்கியது. உங்கள் வீட்டுக் கல்யாணத்தின் அழைப்பிதழோ கோயில் திருப்பணி நோட்டீசோ அங்கே கிடைத்தால் வியக்க வேண்டியதில்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் கோயில் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் இருந்த பழைய படங்களைப் பிரதி எடுக்கும் திட்டமும் அங்கிருந்து நடந்தது.

கடைசியாக, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். இடித்த வீடுகளின் கதவும் தூணும் பீங்கானும் எனாமல் பாத்திரமும் அங்கேதான் விற்பனைக்கு வருகின்றன. மாட்டிய படங்களும் வரும். வாங்குகிறவருக்கு வேண்டியது தேக்குச் சட்டம். உள்ளே இருப்பவர் யாரென்று அவருக்குக் கவலையில்லை. சட்டத்தைக் கழற்றி, படத்தைக் கடைக்காரர் ஓரமாக அடுக்கி வைத்திருப்பார். அந்த அடுக்கைப் பொறுமையாகப் புரட்டுங்கள், பின்பக்கம் பார்த்து விலாசத்தைப் படியுங்கள். உங்கள் ஊர் விலாசம் கிடைத்தால் வாங்கி, அந்த வீட்டார் சென்னையில் இருந்தாலும் கோலாலம்பூரில் இருந்தாலும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். பதிலுக்கு அவர்கள் பெட்டியில் இருப்பதன் பிரதியைக் கேளுங்கள். உங்கள் வீட்டு முகப்பு அவர்கள் வீட்டுக் கல்யாணப் படத்தின் பின்னணியில் இருக்கலாம்.